சாமிக்கு வரி வேண்டாம், மண்டபத்துக்கு?

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கணக்குப்பிள்ளையின் மேசை டிராயரில் ஒரு கேட்பு நோட்டீஸ் இரண்டு மாதமாகக் கிடக்கிறது. கோயிலுக்குப் பின்புறம் கட்டிய கல்யாண மண்டபத்துக்கும் தேரடிக்கு எதிரே உள்ள ஆறு கடைகளுக்கும் வீட்டு வரி கட்டச் சொல்லி ஊராட்சி அனுப்பியது. கோயிலைச் சேர்ந்த நகரத்தார் கூடும் நகரக் கூட்டத்தில் அதை வாசித்ததும் மூத்த காரியக்காரர் (கோயில் நிர்வாகி) துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சாமிக்கே வரி போடுறாகளாக்கும்” என்றார். மறுநாள் ஊராட்சி செயலரை (ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கிளார்க்குத்தான்) கோயில் வாசலில் மறித்துக் கேட்டோம். வண்டியை ஆஃப் செய்யாமலே, “சாமிக்கு இல்லண்ணே, மண்டபத்துக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்ன பதில் எழுதலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் வக்கீல் இல்லை. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன், அதே ஊரில் ஒரு வீட்டில் பங்கு உள்ளவன், கோயிலில் ஒரு புள்ளி. எனவே இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம்தான். கோயிலைச் சுற்றியே வாழும் எந்த ஊரிலும் இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்பதால், நான் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

செட்டிநாட்டில் கோயிலையும் வரியையும் சேர்த்துச் சொன்னால் யாரும் திடுக்கிட வேண்டியதில்லை. இதுவரை கோயில் வரி வாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று புள்ளி வரி. அந்தக் காலத்தில் வியாபாரத்தில் கோயிலுக்கென்று மகமை ஒதுக்குவார்கள், சொத்துக்குத் தக்கபடி ஆஸ்தி வரியும் இருந்தது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புள்ளி எங்கே குடியிருக்கிறான் என்று கோயில் பார்ப்பதில்லை. ரங்கூனில் இருந்தாலும் புள்ளி, இன்றைக்குச் சிங்கப்பூரில் இருந்தாலும் புள்ளி.

அரசாங்கத்தின் தலைக்கணக்கு வேறு மாதிரி. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் பங்கு பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்துத்தான், அதுவும் 2011 கணக்கெடுப்பை வைத்து. எங்கள் ஊரில் ஒரு தெருவுக்குப் பதினைந்து வீடு என்றால் நான்கில்தான் அடுப்பு எரியும். மற்றவை பூட்டு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை அடுத்த தெருவையே தொடும் வீடு, காவலுக்கு ஒரு வயதான ஆச்சி. கணக்கெடுப்பில் அந்த வீட்டுக்கு ஒரு தலை. திருவிழாவுக்கு வந்து இறங்கும் கூட்டம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. ஆக, தெருவும் விளக்கும் குப்பையும் பெரிய ஊருக்கு உள்ளது, மானியம் சின்ன ஊருக்கு உள்ளது.

அந்த மானியமும் கையைக் கட்டிவிட்டுத்தான் வருகிறது. 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு, ஊராட்சிகளுக்கான தொகையில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கிவிட்டது. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றது. எரிந்துபோன மோட்டாருக்கு உடனே காயில் கட்ட வேண்டும் என்றால், யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய காசு வீட்டு வரியும் தொழில் வரியும்போல ஊராட்சி தானே வசூலிப்பதுதான். அதனால்தான் கிளார்க் மண்டபத்தைப் பார்த்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நோட்டீசைக் கிழித்துப் போட்டால்?

கூட்டத்தில் பெரும்பாலோர் விரும்பியது இதைத்தான். காலங்காலமாக விலக்கு, அப்படியே இருக்கட்டும்.

இந்தப் பக்கம் பேசுவதற்கு நிறையவே இருக்கிறது. எங்கள் ஊருணியை வெட்டியது ஊராட்சி இல்லை. கோயிலையும் ஊருணியையும் சேர்த்தே நினைத்த ஊர் இது. வீட்டு முற்றத்தில் விழுந்த மழைகூட வடிகாலில் ஓடி ஊருணிக்குப் போகும்படிதான் தெருவையே அமைத்தார்கள். குடிதண்ணீர், சத்திரம், வேதபாடசாலை என்று உள்ளாட்சி செய்ய வேண்டியதைக் கோயிலும் அதைச் சேர்ந்த தர்மங்களும் செய்தன, அதற்காக வரி வேண்டாம் என்று விட்டார்கள். நியாயமான பேரம்.

அந்தப் பேரம் இப்போதும் நடக்கிறதா என்று பார்க்கப் போனால் பதில் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. போன தடவை ஊருணியைத் தூர் வாரியது நூறு நாள் வேலையில். குடிதண்ணீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிறது. தேர் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் தேரடிக்குப் போயிருந்தேன். தூய்மைக் காவலர்கள் இரண்டு பெண்கள், ஒரு பேட்டரி வண்டி. வாழை இலை ஒரு குவியல், பாக்குமட்டைத் தட்டு ஒரு குவியல், தண்ணீர் பாட்டில் மூட்டை மூட்டையாக. சிதறு தேங்காய் ஓடு குத்தாமல் இருக்க ஒருவர் காலில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஒற்றைச் செருப்புகளைத் தனியாக ஒரு வரிசையில் வைத்திருந்தார்கள், யாராவது தேடி வருவார்கள் என்று. “இதை முடிக்கவே மூணு நாளாகும்யா, அதுவரைக்கும் தெருப்பக்கம் வர முடியாது” என்றார் அந்தப் பெண். தெருக்காரர்கள் வரி கட்டியிருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக் குப்பைதான் மூன்று நாள் கிடக்கும்.

ஒருவர் எழுந்து, “நமக்குத்தான் 12ஏபி பதிவு இருக்கே, அப்புறம் என்ன வரி?” என்று கேட்டார். இந்தக் குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பதிவு வருமான வரிக்கானது. அது டெல்லிக்கும் கோயிலுக்கும் உள்ள விஷயம். நன்கொடையாளருக்கு 80ஜி ரசீது கொடுப்பதும் அப்படியே. அதைக் காட்டி ஊராட்சியிடம் வீட்டு வரி விலக்குக் கேட்க முடியாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. சன்னிதி உட்பட எல்லாவற்றுக்கும் வரி போடு என்பது. ஊரில் இரண்டு இளவட்டங்கள் வாட்ஸ்அப்பில் அப்படிச் சொன்னார்கள். விலக்கு மாநிலச் சட்டத்திலும் விதியிலும் இருக்கிறது, ஊராட்சித் தீர்மானம் போட்டு அதை எடுக்க முடியாது. மூலஸ்தானத்துக்கு என்ன வாடகை மதிப்பு என்று எவன் போடுவான்? ஒரு கால பூஜைக்கே எண்ணெய் இல்லாத அய்யனார் கோயிலிடம் என்ன வாங்குவது? விட்டுவிடலாம்.

சன்னிதி வேறு, மண்டபம் வேறு

எனக்குப் பிடித்த வழி இதுதான், ஆனால் இதில்தான் சிக்கலும் அதிகம்.

சட்டத்தின் சொற்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு நகராட்சிகளை ஒரு நூற்றாண்டு நடத்திய 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், பொது வழிபாட்டுக்கென்று ஒதுக்கி, அதற்கே பயன்படுத்துகிற அல்லது வேறு எதற்கும் பயன்படுத்தாத இடத்துக்குத்தான் விலக்குத் தந்தது. ‘கோயிலின் சொத்து’ என்று சொல்லவில்லை. யாருடையது என்று பார்க்காமல், எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்தார்கள். ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் கீழ் தனி விதிகள். போக்கு ஏறக்குறைய இதேதான். அப்படிப் பார்த்தால் தேரடிக் கடையில் செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள், அதில் வழிபாடு எங்கே வந்தது? கடை விஷயத்தில் வாதாட ஒன்றும் இல்லை.

மண்டபம் அப்படி இல்லை. அதே 1920 சட்டம் சத்திரத்துக்கும் விலக்குத் தந்தது. வாடகை வாங்காத சத்திரத்துக்கு விலக்கு. வாடகை வாங்கினாலும் அந்தப் பணம் முழுக்க தர்மத்துக்கே போனால் அதற்கும் விலக்கு. எங்கள் காரியக்காரர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். “வாடகையெல்லாம் அன்னதானத்துக்குத்தானே போகுது, தம்பி. அப்ப இது சத்திரந்தானே?”

இது சாதாரணக் கேள்வி இல்லை. காசியிலும் ராமேஸ்வரத்திலும் சத்திரம் கட்டிய கூட்டம் நாங்கள். சத்திரம் என்ற சொல்லுக்கு எங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது: வழிப்போக்கன் வந்து திண்ணையில் மூட்டையை இறக்குவான், இலை போடுவோம். குளிரூட்டிய கூடம், ஜெனரேட்டர் வாடகை தனி, மணமகள் அறைக்குச் சாவி முன்பணம் என்று ரசீது போடுவதைச் சத்திரம் என்றால் என் ஐயா கேட்டுச் சிரித்திருப்பார். எனினும் பணம் தர்மத்துக்குப் போவது உண்மை. சட்டத்தின் வாசகத்தில் நுழைய அது ஒரு கதவு. வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கலாம், அதுவரை ஊராட்சிக்கும் காசு வராது, கோயிலுக்கும் வக்கீல் பீஸ் போகும்.

இந்த இழுபறிக்கு ஒரு கோடு ஏற்கெனவே வேறு இடத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவுபெற்ற அறக்கட்டளையின் வழிபாட்டுத் தல வளாகத்தை வாடகைக்கு விடுவதற்கு விலக்குத் தந்தார்கள், ஆனால் அளவு வைத்தார்கள். அறை என்றால் நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் கீழ். கல்யாண மண்டபம், கூடம் என்றால் நாளுக்கு 10,000 ரூபாய்க்குக் கீழ். வளாகத்துக் கடை என்றால் மாதம் 10,000 ரூபாய்க்குக் கீழ். அதற்கு மேல் வாங்கினால் அது வியாபாரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்தக் கோடு பிடித்திருக்கிறது, கோயிலா மசூதியா சர்ச்சா என்று அது கேட்பதில்லை. எங்கள் மண்டபம் வெளியூர்க்காரருக்கு முகூர்த்த நாளில் கோட்டைத் தாண்டுகிறது, ஊர்க்காரருக்குத் தாண்டுவதில்லை. கோட்டுக்குக் கீழ் மட்டுமே வாடகைக்கு விட்டால் சத்திரம் என்று ஒப்புக்கொள்ளலாம், தாண்டினால் வரி. வீட்டு வரிச் சட்டத்தில் இப்படி ஒரு எண் இல்லைதான். ஆனாலும் ஊராட்சியும் கோயிலும் உட்கார்ந்து பேசும்போது ஒரு அளவுகோல் வேண்டுமே, ஆளுக்கு ஆள் கையை விரித்துக் காட்டுவதைவிட இது மேல். கடைக்கு மட்டும் இந்தக் கோட்டை இழுக்கக் கூடாது. வாடகை மூவாயிரமோ பத்தாயிரமோ, கடை கடைதான்.

வரி என்ற சொல்லே வேண்டாம் என்றால்

சிலருக்குத் தொகை பிரச்சினை இல்லை, சொல்தான் உறுத்துகிறது. அவர்களுக்குக் கட்டணம் என்ற வழி இருக்கிறது. வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் மாகாணத்துக்குப் பழகிய வழக்கு. அன்றைய சென்னை மாகாணத்து உடுப்பியின் சிரூர் மடம் வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம், மடங்களிடம் அரசு வாங்கிய ஆண்டுத் தொகையைக் கட்டணம் என்று ஏற்க மறுத்து, அது வரியே என்று சொன்னது. கட்டணம் என்றால் கொடுப்பவருக்குப் பதிலுக்கு ஏதாவது சேவை நடந்திருக்க வேண்டும் என்பதுதான் சாரம்.

ரயில்வேயிடம் இந்த முறை இருக்கிறது. மத்திய அரசின் சொத்துக்கு அரசியலமைப்பின் 285-ஆவது பிரிவு வரி விலக்குத் தருகிறது. என்றாலும் உள்ளாட்சியின் சேவையை அனுபவிப்பதற்காகச் சேவைக் கட்டணம் உண்டு. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-ல் ஏற்பட்ட முடிவின்படி, எல்லாச் சேவையும் பெற்றால் சொத்து வரியில் 75 சதவீதம், பாதி பெற்றால் 50, எதுவும் பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. செட்டிநாடு ரயில் நிலையத்துக்குப் பொருந்துகிற நியாயம் எங்கள் கோயில் மண்டபத்துக்கு ஏன் பொருந்தக் கூடாது?

கோயிலுக்கு இது கௌரவமான வழி. திருவிழாவுக்கு எத்தனை டிராக்டர் நடை குப்பை, எத்தனை டேங்கர் தண்ணீர், எத்தனை ஆள் கூலி என்று எழுதி பில் கொடுத்தால் எந்தக் காரியக்காரரும் மறுக்க மாட்டார். பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே திருவிழாக்களுக்கென்று தனி அத்தியாயம் வைத்திருக்கிறது, ஆகவே ஊராட்சிக்கும் இது புதிய வேலை இல்லை. குறை என்னவென்றால், பில் போட முடிகிற செலவுக்குத்தான் இது உதவும். தெருவிளக்குக்கும் மயானப் பாதைக்கும் யார் பெயரில் பில் போடுவது?

உபயம்

நான்காவது வழி எங்கள் ரத்தத்தில் ஊறியது: கேட்காமல் கொடுப்பது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் வரிவிலக்குள்ள பெரிய பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும், வரி இருந்தால் கட்டியிருக்கக்கூடியதில் 25 சதவீதத்தை விருப்பத்தின் பேரில் தரச் சொல்கிறது. அதிலும் பாதி வரை ஊருக்குச் செய்த சேவையாகக் கழித்துக்கொள்ளலாம். கேட்ட தொகை முழுதும் வருவதில்லை. விருப்பம் என்றால் அப்படித்தான்.

அவ்வளவு தூரம் போகாமல் குன்றக்குடியைப் பார்க்கலாம். 1995-ல் மறைந்த குன்றக்குடி அடிகளார் கையில் மடம் ஊருக்குத் திட்டம் போட்டது, காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளைக் கிராமத்துக்கு அழைத்து வந்தது, தொழில் தொடங்க வைத்தது. எந்த வரியும் அந்த வேலையைச் செய்திருக்காது. ஆனால் அதற்கு ஓர் அடிகளார் வேண்டியிருந்தார். நம் ஊர்க் காரியக்காரர்கள் முறை வைத்து மாறுகிறவர்கள், ஒருவர் கொடுப்பார், அடுத்தவர் கணக்குக் கேட்பார்.

எங்கள் ஊரில் உபயம் எப்படிப் போகிறது என்பதற்கு அந்தப் பேட்டரி வண்டியே சாட்சி. இரண்டு வண்டி வந்தது, பக்கவாட்டில் நன்கொடையாளர் குடும்பத்துப் பெயர் மூன்று தலைமுறைக்கு. ஒன்று ஓடுகிறது. இன்னொன்று பேட்டரி போய் ஊராட்சி அலுவலகப் புளியமரத்தடியில் நிற்கிறது. வண்டிக்கு உபயதாரர் கிடைப்பார், பேட்டரி மாற்ற யாரும் முன்வருவதில்லை, அதில் பெயர் எழுத இடம் இல்லை.

இன்னொரு ஓட்டை

கோயிலை நோக்கிக் கை நீட்டுவதற்கு முன் ஊராட்சி தன் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டையும் ஒரு தடவை புரட்டட்டும். கிளார்க் எனக்குக் காட்டினார். நிலுவையில் பெரும்பகுதி பூட்டிய வீடுகள். எங்கள் வீட்டு வரி ரசீது இன்னும் ஐயாவின் அப்பச்சி (அப்பா) பெயரில் வருகிறது. பங்காளிகள் பதினான்கு பேர். நோட்டீஸ் வந்தால், நீ கட்டியிருப்பாய் என்று நானும், நான் கட்டியிருப்பேன் என்று நீயும் இருந்துவிடுகிறோம். மூன்று வருட நிலுவையை நான் அன்றைக்கே கட்டினேன், மற்றவர்களுக்குக் கணக்கு அனுப்பியிருக்கிறேன். ஐந்து பேர் பணம் போட்டுவிட்டார்கள். பெரிய வீட்டை விடுதியாக மாற்றி அறைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, வரியில் இன்னும் குடியிருப்பு என்றே வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. கோயில் மண்டபத்தைச் சரியாக அளந்து, இவற்றை விட்டால் காரியக்காரர் சொல்வதுதான் சரியாகிவிடும்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது சுற்றியிருந்த சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. நாளை எங்கள் ஊரும் சேர்ந்தால் கணக்கு நகர்ப்புற விகிதத்துக்கு மாறும். 2022-ல் சென்னை நீங்கலாக மற்ற நகரங்களில் சொத்து வரியை உயர்த்தியபோது 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கும் வணிகக் கட்டடத்துக்கும் 100 சதவீதம் ஏற்றினார்கள். எங்கள் வீட்டு முதல் கட்டே அந்த அளவைத் தாண்டும். இப்போது ஊராட்சியோடு எழுத்தில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிடுவது கோயிலுக்கும் நல்லது என்று கூட்டத்தில் சொன்னதற்கு இதுவும் காரணம்.

நான் எழுதிக் கொடுத்த பதில் நோட்டீஸ் அளவுக்குச் சின்னதுதான். சன்னிதி, பிரகாரம், நந்தவனம், ஊருணி இவற்றுக்கு விலக்கு, பேச்சே இல்லை. ஆறு கடைகளுக்கும் இந்த வருடத்திலிருந்து வரி கட்டுகிறோம். மண்டபத்துக்கு வெளியூர் வாடகை கோட்டைத் தாண்டினால் வரி கட்டுகிறோம். திருவிழாவுக்குப் பில் போட்டால் பத்து நாளில் பணம். உபயத்தை இதில் சேர்க்க வேண்டாம், அது வருகிறபோது வரட்டும்.

மூத்த காரியக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். “கடைக்குச் சரி. மண்டபத்துக்கு அடுத்த கூட்டத்துல பேசுவோம்” என்றார். போன செவ்வாய்க்கிழமை கிளார்க் டேப்போடு வந்தார். கூடம், மணமக்கள் அறைகள், சாப்பாட்டுப் பந்தி எல்லாம் அளந்தாயிற்று. மண்டபத்துக்கும் கோயிலுக்கும் நடுவே பொதுவாக ஒரு சமையற்கூடம் இருக்கிறது. முகூர்த்த நாளில் கல்யாணச் சமையல், மற்ற நாளில் மத்தியான அன்னதானம். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையைப் பிடிக்கக் கணக்குப்பிள்ளை கை நீட்டவில்லை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. “சாப்புட்டுட்டு அளந்துக்குங்க” என்று சமையல்காரர் இலையைப் போட்டுவிட்டார். அந்தக் கூடம் மட்டும் இன்னும் எந்தப் பக்கத்திலும் சேரவில்லை.